ஒன்பதும் நாலும்

"இன்னும் இதுல என்ன கொறை டீச்சர்?" என்று கேட்டார் சிவனணைந்தான்.

கேட்டவருக்கு ஐம்பது தாண்டியாயிற்று. பாங்க் வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் ரெஜினா டீச்சரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. அவர் டீச்சர் என்பார், டீச்சர் அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. அண்ணாச்சி எழுதிய எதைப் பார்த்தும் டீச்சர் ஒருநாளும் 'சரி' என்று சொன்னதில்லை. பார்ப்பார், 'ம்' என்பார், அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த ஒரு சொல்லுக்காக அண்ணாச்சி ஏங்கிப் போயிருந்தார். மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக்கூட அவர் இப்படி ஏங்கியதில்லை.

இந்தத் தடவை ஒரு கப்பல் கம்பெனிக்காக எழுதியிருந்தார். எந்தக் கப்பல் எந்தத் தேதி துறைமுகத்துக்கு வரும் என்று கம்பெனி நாளையும் மாதத்தையும் வெறும் எண்களாக அனுப்பும். புரோகிராம் அதைப் படித்து, கப்பலில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளுக்குத் தமிழில் செய்தி அனுப்பும். நடுக்கடலில் இருக்கிற ஆளிடமிருந்து வாரக்கணக்கில் போன் வராது. வீட்டில் இருப்பவர்கள் நம்பியிருப்பது இந்தச் செய்தியைத்தான்.

டீச்சர் வீடும் அப்படி ஒரு வீடுதான். அவர் கணவர் சவரிமுத்து போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கப்பல் ஏறியவர்.

"நாள் முதல்ல வருதா, மாசம் முதல்ல வருதான்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்று டீச்சர் கேட்டார்.

"இருபத்தஞ்சுன்னு ஒரு நம்பர் இருந்தா அது மாசமா இருக்க முடியாதுல்லா? அதுவே புரிஞ்சுக்கிடும்."

சொல்லும்போது அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. போன மாதக் கடைசியில் வந்த கப்பல்களை எல்லாம் வைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு வாரமாக வீடுகளுக்குச் செய்தியும் போகத் தொடங்கியிருந்தது.

"ரெண்டுமே பன்னெண்டுக்குள்ள இருந்தா?"

"அப்ப முதல்ல வாரதுதான் நாள். எல்லாரும் அப்படித்தான எழுதுதாவ."

டீச்சர் 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. நாளைக் காலை வகுப்பு கிடையாது, துறைமுக கேட்டுக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. குறை இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று மறுநாள் பஸ்ஸில் போகிறவரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கேட்டுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். புதுப் புடவை. தலையில் பிச்சிப்பூ. மடியில் டிபன் கேரியர். அண்ணாச்சி அவரை இப்படிப் பார்த்ததே இல்லை.

"யாரு வாரா டீச்சர்?"

டீச்சர் போனை நீட்டினார். அண்ணாச்சியின் புரோகிராம் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. சவரிமுத்து இருக்கும் கப்பல் ஏப்ரல் 9 அன்று தூத்துக்குடி வருகிறது.

அன்றைக்கு ஏப்ரல் ஒன்பது.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். இதற்காகத்தான் கூப்பிட்டாராக்கும் என்று நினைத்தார். முணுமுணுத்ததை எல்லாம் மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கு எப்படியும் அந்தச் 'சரி' வந்துவிடும்.

வெயில் ஏறியது. லாரிகள் உள்ளே போயின, வெளியே வந்தன. ஒவ்வொரு தடவை கேட் திறக்கும்போதும் டீச்சர் எட்டி எட்டிப் பார்த்தார். நடந்து வருகிறவர்கள் முகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிச்சிப்பூ வாடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் தாண்டியதும் அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று கம்பெனிக்குப் போன் போட்டார்.

போனை எடுத்த பெண் பார்த்துச் சொன்னாள். ஒன்பது, நாலு என்று அனுப்பியது வாஸ்தவம்தான். அது செப்டம்பர் நாலு. எங்கள் கம்பெனியில் எப்போதும் மாதத்தைத்தான் முதலில் போடுவோம். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே சார்.

அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டார். பெஞ்ச் பக்கத்தில்தான் இருந்தது. அதுவரைக்கும் நடக்க அவருக்குக் கால் வரவில்லை. இதை எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், கப்பல் செப்டம்பர்லதான் வருதாம்."

"தெரியும் அண்ணாச்சி."

செய்தி வந்த அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டாராம்.

அண்ணாச்சி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

"தெரிஞ்சுமா இந்த வெயில்ல வந்து இருக்கீய? எனக்குப் பாடம் சொல்லவா?"

டீச்சர் இல்லை என்று தலையை ஆட்டினார். கேரியரைத் திறந்தார். சோறும் விளமீன் குழம்பும் இருந்தன. மூடியில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி அண்ணாச்சி பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்தக் கப்பல்ல நம்ம ஊர்க்காரங்க இன்னும் மூணு பேரு இருக்காங்க" என்றார். "அவங்க வீட்டுக்கெல்லாம் அன்னைக்கே நான் போன் போட்டு, தேதி தப்பு, வராதீங்கன்னு சொல்லிட்டேன்."

கேட் மறுபடியும் திறந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"என் வீட்டுக்குப் போன் போட்டு, வராதன்னு சொல்லத்தான் ஆளில்ல."