டயரை வேகவைத்த ஊத்துவலசுக்காரர்கள்

ஊத்துவலசுக்காரர்களான எங்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்கிறார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதி இதுதான்.

எங்கள் ஊரில் சென்னியப்பன், நாச்சிமுத்து, கிட்டுசாமி என்று மூன்று சிநேகிதர்கள். சென்னியப்பனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. நாச்சிமுத்து கொஞ்ச காலம் போர்வெல் லாரியில் எடுபிடியாக இருந்தவன், அதனால் ஊருக்கே அவன்தான் என்ஜினியர். கிட்டுசாமி உருப்படியாக எதுவும் செய்ததில்லை. ஆனால் மூவரில் டிரைவிங் லைசென்ஸ் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

சென்னியப்பனிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. கல்யாணத்தன்று மாமனார் ராக்கியண்ணன் மாலை போட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்சீட்டில் உட்காரவைத்து, முன்னால் மேளம் போக, தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போன வண்டி அது. சென்னியப்பனுக்கு அந்த வண்டி மேல் உயிர். மனைவி சாந்தாமணி மேலும் உயிர்தான், ஆனால் அவளிடம் பயமும் உண்டு.

ஒருநாள் நாச்சிமுத்து செல்போனில் டிராக் ரேஸ் என்று ஒன்றைக் காட்டினான். நேரான ரோடு. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். எல்லைக் கோட்டை முதலில் தொட்டவன் ஜெயித்தவன்.

"வளைவே இல்லையாடா?" என்றான் சென்னியப்பன்.

"இல்லை மாப்ள. ஆரம்பிச்ச பக்கமே மூஞ்சிய வெச்சுட்டுப் போகோணும்."

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தான். தன் அறிவைப் பற்றி அவனுக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. "நம்ம புத்திக்குன்னே எவனோ புண்ணியவான் கண்டுபுடிச்சிருக்கான்டா" என்றான்.

உடைசலுக்குப் போட்டிருந்த ஒரு போர்வெல் லாரியிலிருந்து டர்போவைக் கழற்றி வந்தார்கள். என்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டுகிற சாமான் அது. பூசணிக்காய் அளவு இருந்த அதை மாட்டியதும் பானெட் மூடவில்லை. டர்போவைச் சின்னதாக்க வழியில்லாததால் பானெட்டில் ஓட்டை போட்டார்கள்.

துணி காயப்போட வந்த சாந்தாமணி ஓட்டையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எங்கய்யன் குடுத்த வண்டிய என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"பந்தயத்துக்குச் சாந்தா. ஜெயிச்சாக் கப்புக் குடுப்பாங்க."

"அப்ப கப்போட வாங்க. கப்பு வல்லீன்னா, இந்த வண்டி எப்படி வந்துச்சோ அப்படியே எங்கய்யன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தோணும். ஆமா."

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்தில்தான் என்ன மனநிலை என்று கண்டுபிடித்துக்கொண்டான்.

கலங்கிப்போன சென்னியப்பன், ரேஸ் கார் கட்டும் கோயமுத்தூர் மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டான். அவர் வேலையாக இருந்தார். "எடையைக் குறைங்க. டர்போவுக்குக் குளிர்ந்த காத்துப் போகட்டும். கிளம்பறதுக்கு முன்னால டயர் நல்லாச் சூடா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்ல மனுஷர். அவர் மேல் தப்பே இல்லை.

முதலில் எடை. சீட்டு, கதவு, டிக்கி மூடி எல்லாம் கழன்று திண்டுக்கல் பூட்டுப் போட்ட அறைக்குள் போயின. டிரைவர் உட்கார ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்கள். அப்போதுதான் நாச்சிமுத்து கவனித்தான்: வண்டியிலேயே கனமான உருப்படி கிட்டுசாமிதான்.

"இவனைக் கழட்டீட்டா வண்டி பறக்கும்" என்றான்.

"என்னைக் கழட்டுனா ஓட்டறது யாருடா?"

"அதுவும் நாயந்தான். முழுசாக் கழட்ட முடியாது. முடிஞ்ச மட்டும் கழட்டலாம்."

கிட்டுசாமி பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். மீசையை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சினான். சென்னியப்பன் ஒரு பக்க மீசைக்குச் சம்மதித்தான்.

அடுத்து குளிர்ந்த காற்று. டர்போவின் வாயில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். என்ஜினை ஓட விட்டபோது தெருவே கல்யாண வீடு மாதிரி மணந்தது.

டயர் விஷயம்தான் பெரிய விஷயம். பந்தயத்தன்று காலையில் சமையல்காரர் ஆறுச்சாமியிடம் கல்யாண அண்டாவை வாங்கி, தண்ணீர் கொதிக்க வைத்து, நான்கு சக்கரங்களையும் இறக்கினார்கள். நாச்சிமுத்து கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வெந்துருச்சா?"

"நடுவுல இன்னும் கொஞ்சம் வெறப்பா இருக்குது."

"குழைய உட்றாத. அப்பறம் ரோட்டுல ஒட்டிக்கும்."

வெந்த டயர்களைக் கம்பளியில் சுற்றிச் சாக்கில் கட்டினார்கள். சக்கரமில்லாத காரை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள். அப்படியே பந்தய மைதானத்துக்குப் போய் இறங்கினார்கள்.

ஆவி பறக்கும் டயர்களைத் துணியால் பிடித்து மாட்டிக்கொண்டிருந்தபோது, கையில் கொடியோடு பந்தய அதிகாரி வந்தார். டர்போ போட்ட சின்னக் கார்களின் பிரிவில் இவர்களோடு சேர்த்து இரண்டே வண்டிகள்தான். இன்னொன்று பல்லடத்துப் பையன் கோகுலகண்ணனுடையது.

"அண்ணா, உங்களுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம்" என்றார் அதிகாரி. "அந்தத் தம்பி வண்டியில டர்போ வெடிச்சுப்போச்சு. அதனால ஓட முடியாது. நீங்க தனியா உருட்டிட்டுப் போயிக் கோட்டைத் தொட்டாலே போதும். கப்பு உங்களுக்குத்தான்."

சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி தப்பித்தது. சாந்தாமணி பேசுவாள். அந்தச் சந்தோஷத்தோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாச்சிமுத்து யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாப்ள, தனியா ஓடுனா யாரை முந்துவோம்?"

"யாரையும் முந்த வேண்டாமாம்டா."

"முந்தாம எப்படி ஜெயிக்கறது? நாளைக்குச் சாந்தாமணி, 'யாரைத் தோக்கடிச்சீங்க'ன்னு கேப்பாளே? யார் பேரைச் சொல்லுவ?"

சாந்தாமணி கட்டாயம் கேட்பாள்.

மூவரும் வண்டி நிழலில் குந்தி வெகுநேரம் ஆலோசித்தார்கள். தோற்பதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் இருக்கிறான், வண்டியும் இருக்கிறது. டர்போதான் இல்லை. டர்போ யாரிடம் இருக்கிறது?

"நம்மகிட்டத்தான் இருக்குதே!" என்றான் கிட்டுசாமி. அவன் வாழ்க்கையில் கேட்ட மாத்திரத்தில் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

தங்கள் டர்போவைக் கழற்றி, வெட்டிவேரோடு கொண்டுபோய்க் கோகுலகண்ணனிடம் கொடுத்தார்கள். அந்தப் பையன் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி வானத்தைப் பார்த்தார். பையனின் மெக்கானிக் கெட்டிக்காரன். என்னென்னவோ குழாய்களை வெட்டி ஒட்டி அதை மாட்டிவிட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. கோகுலகண்ணனின் கார் சீறிக்கொண்டு போன பிறகு, மைதானத்தில் வெட்டிவேர் வாசனை மட்டும் நின்றது. எங்கள் வண்டி, ஓட்டை பானெட்டும் ஒற்றை மீசையுமாக, அவன் கோட்டைத் தொட்டுக் கீழே இறங்கித் தண்ணீர் குடித்து முடித்த சமயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சென்னியப்பனும் நாச்சிமுத்தும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"பாத்தியாடா, நம்ம டர்போவ!"

"நான் அப்பவே சொன்னனல்லோ!"

கோகுலகண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணா, இது உங்களுதுங்கண்ணா. நீங்களே வெச்சுக்கங்க."

சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "தோத்துப்போட்டுக் கப்பை வாங்கீட்டுப் போறதுக்கு, எங்களை என்ன முட்டாளுகன்னு நெனச்சியா தம்பி?"

ஜெயித்த வண்டியிலிருந்து கழற்றுவது மரியாதை இல்லை என்று டர்போவையும் விட்டுவிட்டு வந்தார்கள். பாதி வழியில்தான் சென்னியப்பனுக்குக் கப்பின் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஊர் வரைக்கும் அழுதுகொண்டு வந்தான்.

சாந்தாமணி வெறுங்கையைப் பார்த்தாள். கதையைக் கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னது நெனப்பிருக்குதா? வண்டி எப்படி வந்துச்சோ அப்படியே போகோணும்!"

கதவும் சீட்டும் பூட்டிய அறைக்குள் இருந்தன. அவற்றைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 'அப்படியே' என்றால் எப்படி என்பதுதான் பேச்சாக இருந்தது.

"மாலை போட்டு வந்துச்சு" என்றான் கிட்டுசாமி.

"முன்னால மேளம் வந்துச்சு" என்றான் நாச்சிமுத்து.

"பின்னால நானும் அவளும் உக்காந்திருந்தோம்" என்றான் சென்னியப்பன்.

மறுநாள் காலை வண்டிக்குச் சம்பங்கி மாலை ஏறியது. மேளக்காரர்கள் வந்தார்கள். பட்டு வேட்டியோடு சென்னியப்பன் சாந்தாமணி முன்னால் போய் நின்று, "கூறைச் சேலையைக் கட்டீட்டு வா சாந்தா. நீயில்லாம அது அப்படியே ஆகாது" என்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. போய்க் கட்டிக்கொண்டு வந்து, சீட்டில்லாத வண்டியில் பாய் விரித்து உட்கார்ந்தாள்.

மாமனார் வீட்டு வாசலில் மேளச் சத்தம் கேட்டதும் மாமியார் பழக்கதோஷத்தில் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார். ராக்கியண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க மாப்பிள்ளை இது?"

"எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே கொண்டுவந்துட்டனுங்க மாமா."

ராக்கியண்ணன் முகம் சுருங்கியது. "இல்லீங்களே. தப்பாவல்லோ பண்ணியிருக்கறீங்க."

சென்னியப்பன் பாயில் சாந்தாமணிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான்.

"அன்னைக்கு ஓட்டுனது நானல்லோ? வண்டியும் இங்கிருந்துதான அங்க போச்சு? அப்படியேன்னா அப்படியேதான் இருக்கோணும். எறங்குடா கிட்டுசாமி!"

பெயிண்ட் டப்பாவில் மாமனார் ஏறி உட்கார்ந்தார். மேளம் திரும்பியது. வண்டி மறுபடி ஊத்துவலசை நோக்கிக் கிளம்பியது. சாந்தாமணி தலையில் கைவைத்து, "எங்கய்யனுமா!" என்றாள். சென்னியப்பன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வண்டியும் போகவில்லை, பெண்டாட்டியும் பேசிவிட்டாள். அவனுக்கு வேறென்ன வேண்டும்?

மேளக்காரர் நடைக்குத் தக்கபடி வண்டி ஊர்ந்தது. ஊர் எல்லை வரும்போது, ஓர் எருமை பின்னாலிருந்து வந்து, நிதானமாக அவர்களைத் தாண்டி முன்னால் போனது.

வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்த நாச்சிமுத்து அதையே கண் கொட்டாமல் பார்த்தான். பிறகு கதவில்லாத பக்கமாகத் தலையை உள்ளே நீட்டி, பெருமை தாங்காமல் சொன்னான்:

"மாப்ள, அதுக்கும் நம்ம டர்போவைத்தான் மாட்டியுட்ருக்காங்க!"