கணவாய் ராஜாவும் உப்புக்காரி காராயியும்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. ராஜாவைக் கேலி பண்ணுகிற கதை, உரக்கச் சொல்ல முடியாது.

முன்னொரு காலத்தில் குளிரிமலைக் கணவாயைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டார். சதுரங்கத்தில் புலி. எதிரே உட்கார ஆள் கிடைக்காமல் அவரே ஒரு சட்டம் போட்டார். கணவாயைக் கடக்கிறவர் யாரானாலும் அவரோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். தோற்றால் ஒரு வருஷம் அங்கேயே தங்கி அவருக்கு விசிறி வீச வேண்டும். ஜெயித்தால் ஒரு வருஷம் அங்கேயே தங்கி அவரோடு தினமும் ஆட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் விசிறி மட்டும்தான்.

அந்த வழியே காராயி என்ற உப்புக்காரி மூன்று வண்டி உப்போடு வந்தாள். மலைமேல் மேகம் கட்டியிருந்தது. மழைக்கு முன்னால் அந்தப் பக்கம் இறங்காவிட்டால் அத்தனை உப்பும் கரைந்துவிடும். அங்கே ஊர் ஊராக உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

காராயிக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். வண்டிமாடு அசைபோடுகிற நேரமெல்லாம் ஆடிப் பழகியவள்.

“சீக்கிரம் முடித்துவிடுகிறேன், பெண்ணே” என்றார் ராஜா.

“முடித்தால் புண்ணியமாய்ப் போகும், மகாராஜா.”

எங்கே முடிந்தது? ராஜா அவள் தேரை வெட்டினார். அவள் அவர் மந்திரியை வெட்டினாள். ராஜா பக்கத்தில் வீசிக்கொண்டிருந்தவனிடமிருந்து விசிறியைப் பிடுங்கித் தாமே வீசிக்கொண்டார்.

கடைசியில் காராயி கண்ணில் ஒரு வழி பட்டது. யானையை ஒரு கட்டம் நகர்த்தினால் ராஜா கதை முடிந்தது. கை தானாக யானைமேல் போனது. கடம்பராயனையே ஜெயித்தவள் என்று ஏழு ஊர் பேசுமே. மேலே மேகம் உறுமியது. கையைக் குதிரைக்கு மாற்றினாள்.

குதிரை தாவி ராஜாவை மிரட்டியது, பலகையில் ராஜா ஒதுங்கினார். குதிரை திரும்பித் தாவியது, ராஜா பழைய கட்டத்துக்கே வந்தார். குதிரை மறுபடி தாவியது, ராஜா மறுபடி ஒதுங்கினார்.

“இதற்கு முடிவே கிடையாதா?”

“தைப்பொங்கல் வரை ஆடலாம், மகாராஜா.”

“நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை.”

“அதற்கு உங்கள் சட்டத்தில் என்ன சொல்லியிருக்கிறது?”

ராஜா மீசையை முறுக்கினார், விட்டார், மறுபடி முறுக்கினார். சட்டத்தில் ஒன்றும் இல்லை. தமக்குச் சமமாக ஒருத்தி வருவாள் என்று அவருக்குத் தோன்றியிருந்தால்தானே?

“சரி, போய் வா” என்றார்.

வண்டிகள் வாசலைத் தாண்டின. பலகையை முறைத்துக்கொண்டே இருந்த ராஜா திடுக்கென்று எழுந்து, தலைப்பாகை அவிழ ஓடிவந்தார்.

“ஏ காராயி, யானையை நகர்த்தியிருந்தால் நீ ஜெயித்திருப்பாயே!”

காரியம் கைகூடியபின் வெறும் பெருமைக்காக நின்று பேசாதவரே புத்திசாலி.

“எந்த யானை, மகாராஜா?” என்று கேட்டுவிட்டு, காராயி மாட்டைத் தட்டி ஓட்டினாள்.