நாலு மணிக்குத் திரும்பிப் போன பேனர்

அறிவை ஊர் ஊராகப் பங்கு வைத்த அன்றைக்கு எங்கள் ஊர் ஆட்கள் மொத்தமாக டீ குடிக்கப் போயிருந்தார்கள் என்று பக்கத்து ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். ஏகாம்பரம் மட்டும் வரிசையில்தான் நின்றார். நிற்கிற வரிசை எதற்கென்று கேட்கத்தான் மறந்துவிட்டார்.

ஏகாம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவர் கடைதான். அவரைத் தவிர அங்கே இரண்டு பேர். கம்ப்யூட்டரில் படத்தை வைத்து எழுத்தைக் கோப்பது இசக்கியம்மாள். பிரிண்ட் எடுத்துச் சட்டத்தில் அடித்து மாட்டுவது பிலவேந்திரன். மூன்று பேருக்கும் சேர்த்து யோசிப்பது ஏகாம்பரம். வேலை கெட்டுப்போவது அந்த யோசிக்கிற இடத்தில்தான் என்பது அவருக்கும் தெரியும். "என்னை மாதிரி இன்னொருத்தன் இருந்திருந்தா கடையை அன்னைக்கே பூட்டியிருக்கலாம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிச் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று அவருக்கு இருந்தது. அவர் மனைவி பூரணத்தின் அண்ணன் வெயிலுமுத்து. மச்சானின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் பேனர் போட்டது ஏகாம்பரம்தான். 'இந்த இடத்தில் அப்பா படம், சிரித்த முகமாக' என்று மச்சான் எழுதிக் கொடுத்திருந்தார். ஏகாம்பரம் ஓர் எழுத்துக்கூட விடாமல் அதை அப்படியே அச்சடித்து, தங்க நிறத்தில் ஓரமும் கட்டிக் கொடுத்தார். அப்பா படம் மட்டும்தான் இல்லை. அன்றிலிருந்து மச்சான் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. பூரணமும் பிறந்த வீட்டுக்குப் போனால் முன்வாசல் வழியாகப் போகாமல் புறவாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தாள்.

இப்போது மச்சான் மகளுக்குக் கல்யாணம். பேனர் மறுபடியும் ஏகாம்பரம் தலையில்தான் விழுந்தது. "இந்தத் தடவ ஒழுங்கா செஞ்சிருங்க. என்னை முன்வாசல் வழியா போக வைங்க, அது போதும்" என்றாள் பூரணம்.

அதற்காகவே கம்ப்யூட்டரில் புது மென்பொருள் ஒன்றைப் போட்டார்கள். போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்காரர் கிளம்பும்போது சொன்னார்: "நீங்க செய்யுறதை எல்லாம் அதுவே அப்பப்ப எடுத்து வச்சுக்கிடும். ஓரத்துல ஒரு வட்டம் சுத்துச்சுன்னா சேவ் ஆகிட்டு இருக்குன்னு அர்த்தம். அது நிக்கிற வரைக்கும் தொடாதீங்க, அசைக்காதீங்க."

அன்றிலிருந்து வட்டம் சுற்றினால் கடையே உறைந்துவிடும். இசக்கியம்மாள் இரண்டு கையையும் தூக்கிக்கொள்வாள். பிலவேந்திரன் டீ கிளாஸை உதட்டில் வைத்தபடி குடிக்காமல் நிற்பான். ஒரு நாள் உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர், யாருக்கோ மௌன அஞ்சலி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் நின்றார். வட்டம் நின்றதும், "போனது யாரு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

கல்யாணப் பேனர் நாலு மணிக்குள் முடிந்து அருமையாக வந்தது. ஒரு பக்கம் மணமகள், மறுபக்கம் மணமகன், கீழே உறவுக்காரர்கள் வரிசை. ஐந்து மணிக்கு மச்சான் வந்தார். திரையைப் பார்த்தார். மீசையைத் தடவினார். பிறகு, "நல்லாருக்கு மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏகாம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான், இத்தனை உறவுக்காரர்கள் நடுவில் தன் படம் இல்லை என்பதே அவருக்கு உறைத்தது. மவுஸைத் தானே பிடித்தார். ஓர் ஓரத்தில் தன் படத்தை வைத்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை என்று இழுத்தார். மனது பூரித்திருந்தால் கையும் தாராளமாகத்தானே இழுக்கும். படம் வளர்ந்து, ஓரத்தை விட்டு ஏறி, மணமகளை அப்படியே மூடிவிட்டது. மணமகனுக்குப் பக்கத்தில், 'மணமகள்' என்ற எழுத்துக்கு மேலே, வேட்டி சட்டையில் ஏகாம்பரம் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, எடுத்து வைக்குது" என்றாள் இசக்கியம்மாள்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு."

"தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காவளே."

பிலவேந்திரன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை மூடினான். "பாத்தாதான எடுத்து வைக்கும்" என்றான். யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. துண்டை விலக்கிப் பார்த்தபோது வட்டம் நின்றிருந்தது. ஏகாம்பரம் இன்னும் மணமகளாகத்தான் இருந்தார். அன்றைக்கு அப்படியே பூட்டிவிட்டுப் போனார்கள்.

காலையில் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டு, நேற்று சாயங்காலம் பேனர் கெட்டுப்போன கதையைச் சொன்னார்கள். அவர் பஸ்ஸில் இருந்தார். "பயப்படாதீங்க. ஹிஸ்டரின்னு இருக்கும், அதுல நேத்து நாலு மணியைத் தொடுங்க. எல்லாம் நேத்து நாலு மணிக்கு இருந்த மாதிரியே ஆயிரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாமா?" என்றான் பிலவேந்திரன். காலையில்தான் அவன் மீசையை எடுத்திருந்தான். "அப்ப மீசை திரும்பி வந்துருமா?"

"நாம மாறாம நின்னா பேனர் மட்டும் எப்பிடிலே போகும்? நாம இங்க, அது அங்கன்னு ஆயிரும்லா?" என்றார் ஏகாம்பரம்.

"நேத்து நாலு மணிக்கு நான் பச்சைச் சேலை" என்ற இசக்கியம்மாள் வீட்டுக்குப் போய், துவைக்கப் போட்டிருந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். பிலவேந்திரன் மார்க்கரால் மீசை வரைந்துகொண்டான். நேற்று நாலு மணிக்கு ஏகாம்பரம் வாழைக்காய் பஜ்ஜியில் பாதி தின்றிருந்தார். ஆகவே ஒன்று வாங்கிவந்து, பாதியைக் கடித்து, மீதியைக் கையில் வைத்துக்கொண்டார்.

"நேத்து அந்நேரம் நாம ரெண்டு பேரும் ஃபேனுக்குச் சண்டை போட்டுட்டு இருந்தோம்" என்றாள் இசக்கியம்மாள். "நீ என்னைய கழுதைன்னு சொன்ன."

"எருமைன்னுலா சொன்னேன்."

"அப்ப அதையே சொல்லு."

அவன் சொன்னான். அவளும் முறைத்தாள். எல்லாம் சரியாக அமைந்த நேரத்தில் ஏகாம்பரம் கையை மவுஸில் வைத்தார். வைத்தவர் அசையவில்லை. முகம் வாடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி?"

"நாலு மணிக்குப் போனா மச்சான் இன்னும் வந்துருக்க மாட்டாரே. அவர் நல்லாருக்குன்னு சொன்னது அஞ்சு மணி."

எத்தனையோ வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு வார்த்தை அது.

"அஞ்சு மணி தாண்டிப் போய்ப் பாப்பமா?" என்றான் பிலவேந்திரன்.

"அதுல நான்லா பொண்ணா நிக்கேன்." ஏகாம்பரத்தின் கண் கலங்கியது. ஒரு நல்ல வார்த்தையைக்கூடப் பத்து நிமிஷம் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன் நான் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். பிறகு, "பிள்ளை முகம் முக்கியம். எனக்கு என்ன, இல்லாமலே பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு நாலு மணியைத் தொட்டார்.

மணமகள் திரும்பி வந்துவிட்டாள். வேறெதையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் எடுத்து, சாயங்கால வரவேற்புக்கு முன்னால் மண்டபத்து வாசலில் கட்டினார்கள். மேலே சீரியல் பல்பு போட்ட ஒரு சக்கரமும் சுற்றியது. மச்சான் வந்து பார்த்தார். ஏகாம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"உம்ம படம் எங்க மாப்ளே?" என்றார் மச்சான்.

"நாலு மணிக்கு நான் இன்னும் வரலை மச்சான்."

"தங்கச்சி மாப்பிள்ளை இல்லாம பேனர் கட்டுனா நான் பூரணம் முகத்துல எப்பிடி முழிப்பேன்? அவளை முன்வாசல்ல நின்னு கூப்பிடணும்னுலா இருந்தேன்." என்றார் மச்சான்.

அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. பிலவேந்திரன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பேனரின் காலி ஓரத்தில் போட்டான். ஏகாம்பரம் அதில் ஏறி, கையைக் கூப்பி, சிரித்த முகமாக நின்றார். அளவு கச்சிதம். யாரையும் மறைக்கவில்லை.

பூரணம் முன்வாசல் வழியாக வந்தாள். கணவன் பேனரில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இறங்குங்க, பந்தி போட்டாச்சு" என்றாள்.

"தொடாதீங்க அக்கா" என்று இசக்கியம்மாள் தடுத்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த பல்புச் சக்கரத்தைக் காட்டினாள். "வட்டம் இன்னும் நிக்கலை."

மச்சான் பின்னால் நகர்ந்து முழுப் பேனரையும் பார்த்தார். "நல்லாருக்கு மாப்ளே. நேத்தும் இதைத்தான் சொன்னேன்" என்றார்.

"நேத்து சொன்னது அழிஞ்சு போச்சு அண்ணாச்சி. நாங்க நாலு மணிக்குப் போயிட்டோம்லா" என்றாள் இசக்கியம்மாள்.

மச்சான் வெயிலுமுத்து மீசையைத் தடவியபடி யோசித்தார். அவரும் எங்கள் ஊர்தானே. "அப்ப இன்னைக்குச் சொன்னதும் போயிரக் கூடாது" என்று சொல்லி இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஏகாம்பரத்தின் தோளில் கையைப் போட்டு, 'நல்லாருக்கு' என்று சொன்ன வாயை மூடாமல் அப்படியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். வரவேற்கப் பெண்ணின் அப்பாவைக் காணவில்லையே என்று நாலு பக்கமும் தேடினார்கள். பிறகு பேனரைப் பார்த்துவிட்டு, "சம்பந்தி படம் இந்தா இருக்கே, அச்சு அசலா விழுந்துருக்கு" என்று அதைக் கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

"நம்ம கடை பிரிண்ட்தான்" என்றான் பிலவேந்திரன்.