ரெட்டை வாழைப்பழமும் நந்தியார் தொப்பையும்

ஒரு காலத்திலே மாவடிச் சீமையை மருதவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவனில்லை. ஆனால் யார் கடைசியாகக் காதைக் கடித்தார்களோ, அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்!

ஒருநாள் சபையில் நந்தியார் என்ற பிரதானி எழுந்தார். ஊரெல்லாம் மருத்துவச்சி அங்காயியைக் கொண்டாடுவது அவர் வயிற்றை எரித்துக்கொண்டிருந்தது.

"மகாராஜா, இந்த வருஷம் ஒன்பது வீட்டில் இரட்டைப் பிள்ளை! உங்கள் தாத்தா காலத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒட்டிப் பிறந்த ரெட்டை வாழைப்பழத்தைத் தின்பதால் வருவது. இதைத் தடுக்காமல் அந்த அங்காயியும் சும்மா இருக்கிறாள். இப்படியே போனால் சோற்றுக்கு எங்கே போவது?"

உடனே தண்டோரா. ரெட்டைப் பழம் விளைந்தால், அழிப்பதற்காக நந்தியார் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். இனி இரட்டை பெறுகிறவள் சீமையை விட்டே போக வேண்டும். கேட்டீர்களா அநியாயத்தை!

வருஷம் ஒன்று ஓடியது. பேச்சி என்பவளுக்கு இரட்டை பிறந்தது. மூன்றாம் நாளே சேவகர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பச்சை உடம்புக்காரியை வெளியே இழுப்பதைக் கண்டதும் அங்காயிக்கு ரத்தம் கொதித்தது. கொண்டையை முடிந்துகொண்டு, தாயையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே சபைக்குள் நுழைந்தாள்.

"நந்தியார் ஐயா, வாங்கின பழத்தையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"அழித்துவிட்டேன்."

"எப்படி?"

நந்தியார் தொப்பையைத் தடவினார். "வீட்டோடு... தின்றுதான்."

சபை கொல்லென்று சிரித்தது.

"உங்க மூணு மருமகளுக்கும் இந்த வருஷம் நான்தானே பிரசவம் பார்த்தேன்? எத்தனை இரட்டை?"

"ஒன்றுமில்லை."

"சீமைப் பழத்தையெல்லாம் தின்ன வீட்டில் ஒத்தைப் பிள்ளை. பழத்தையே கண்ணால் பார்க்காத பேச்சிக்கு இரட்டை. என்ன நியாயம் மகாராஜா இது?"

ராஜா நெளிந்தான். "அப்படியென்றால் இரட்டை ஏன் கூடியது?"

"எங்கே கூடிச்சு? முன்னேயும் பொறந்துச்சு. சின்னஞ்சிறுசா வர்றதில் ஒண்ணு செத்துப்போகும். கொல்லையில் பொதைச்சுட்டு, ஒண்ணுதான் பொறந்துச்சும்பாங்க. இப்போ ராப்பகலா ஆள் மாத்தி ஆள் மார்ச்சூட்டில் வெச்சு ரெண்டையும் காப்பாத்துறோம். பொழைச்சது குத்தமா? எந்தப் பிள்ளையைச் சாகவிட்டிருக்கணும்? சொல்லுங்க!"

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கி வந்து பேச்சியிடம் மன்னிப்புக் கேட்டான். சட்டத்தை அங்கேயே கிழித்துப் போட்டான். "அங்காயி, இரட்டை பிறக்கும் வீட்டுக்கெல்லாம் இனி அரண்மனையிலிருந்து ரெண்டு தொட்டில் வரும். உனக்கு என்ன வேண்டும்?"

"எனக்கொண்ணும் வேண்டாம். பேச்சியோட இந்த ரெண்டில் சின்னவனுக்குத்தான் சூடு பத்தலை. ஒரு வருஷம் பழம் தின்னு வளர்ந்த தொப்பை ஒண்ணு சும்மா கிடக்குதே, மகாராஜா!"

அப்புறமென்ன? தினமும் சபையில் நந்தியார் தொப்பைமேல் சின்னவன் தூங்கினான். வாயைத் திறந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளுமே! சின்னவன் தேறித் தவழும்வரை மாவடிச் சபையில் நந்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை.