செவலை நகராத காரணம்

அந்தக் காலத்தில், சென்னை வெறும் குப்பங்களும் தோப்புகளுமாகக் கிடந்தபோது, மாடுகள் பேசும். கரைக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் நாலா பக்கமிருந்தும் சனங்கள் பிழைக்க வந்தார்கள். நெய்பவர்கள், சாயம் தோய்ப்பவர்கள், செங்கல் அறுப்பவர்கள். யாருக்கும் வழி தெரியாது. தெருக்களுக்குப் பெயரும் கிடையாது. ஆனால் நாற்சந்தியில் செவலை என்ற பசு எப்போதும் நிற்கும். செவலை நிற்கிற இடத்தில் சோத்தாங்கைப் பக்கம் திரும்பினால் கடல், பீச்சாங்கைப் பக்கம் சாயப்பட்டறை. ஊரே அப்படித்தான் வழி சொன்னது.

செவலைக்கு இதில் பெருமைதான். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம் எங்கோ போகிறார்கள், நாம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறோமே என்று காலில் ஒரு குறுகுறுப்பு.

ஒரு நாள் காலை முள்ளங்கிக் கீரை ஏற்றிய வண்டி ஒன்று போனது. செவலை அதன் பின்னாலேயே மூன்று தெரு போய், உதிர்ந்த கீரையைத் தின்றபடி அங்கேயே நின்றுவிட்டது.

அன்றுதான் பழவேற்காட்டிலிருந்து பொன்னுருவி வந்தாள். கப்பல் பாய் தைக்கிறவள். உச்சிவேளைக்குள் கப்பலுக்கு வந்து சேர்ந்தால் வருஷம் முழுக்க வேலை, பிந்தினால் வேறு ஆள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஊர் சொன்னபடியே செவலையைக் கண்ட இடத்தில் சோத்தாங்கைப் பக்கம் திரும்பினாள். போய்ச் சேர்ந்தது செங்கல் சூளை.

"இன்னாமே, செங்கல்ல தைக்கப் போறியா?" என்று சிரித்தான் சூளைக்காரன் முத்தாலு.

அவள் மூச்சிரைக்கச் செவலையிடம் திரும்பி வந்தாள். "உன்ன நம்பித்தானே திரும்புனேன்?"

செவலையின் வாயில் கீரை அப்படியே நின்றது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"முதுகுல ஏறிக்கோ, கண்ணு."

அந்த ஊரில் எந்த மாடும் அப்படி ஓடியதில்லை. சிரித்தபடி அவள் பின்னாலேயே வந்திருந்த முத்தாலுவே முன்னால் ஓடி வழிவிடச் சொல்லிக் கத்தினான். கரையில் கப்பலுக்கு ஆள் நிறைந்து கிளம்பிய படகைக்கூடப் படகுக்காரர் நிறுத்தினார். "இன்னும் ஒரு ஆளுக்கு எடம் கீது, வா." ஆட்கள் முனகிக்கொண்டே நெருங்கி உட்கார்ந்தார்கள். பொன்னுருவி கப்பலில் கால் வைத்தபோது வெயில் நேர் உச்சியில் இருந்தது.

சாயங்காலம் வேலையோடு திரும்பியவள் நாற்சந்தியில் செவலையின் நெற்றியைத் தடவினாள். "நீ நகர்ந்தா ஊரே எடம் மாறிடுது."

"இனி நகரமாட்டேன்" என்றது செவலை. வருகிறவர்களோடு பேசினால் மறுபடி எங்காவது போகத் தோன்றும் என்று, அதன் பிறகு வாயை அசைபோட மட்டுமே வைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் சென்னை மாடு நடுரோட்டில் நிற்கிறது. பஸ்காரர் எத்தனை ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது. யாரோ ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு, வேலை தேடி, இப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறார்.