மகாவித்துவானின் இடக்கை

அச்சுக்கூடங்கள் புதிதாக வந்திருந்த காலம். மகாவித்துவான் திருமேனிநாதர் தம் நூலின் முகப்புக்குத் தம் உருவத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கும்படி சிற்பி மருதாசாரியிடம் சொன்னார்.

"நான் வலக்கை தூக்கி ஆசி சொல்லணும். என் பெருமையும் குணமும் பார்த்ததுமே தெரியணும். தப்பு வந்தா, இந்த ஊர்ல நீ உளியே பிடிக்க முடியாது!"

மருதாசாரி செதுக்கிக் காட்டினார். வித்துவான் கொதித்தார். "மடையா! இடக்கையை அல்லவா தூக்கியிருக்கிறாய்?"

"தாள்ல அச்சாகும்போது வலக்கையா மாறிடும், சாமி."

"எனக்கே பாடமா? தகட்டிலேயே வலக்கை வேண்டும்!"

மருதாசாரி அந்தத் தகட்டைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, வேறொன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு செதுக்கினார்.

அரங்கேற்றத்தன்று ஜமீன்தார் நூலைத் திறந்தார். படத்தில் வித்துவான் இடக்கையால் ஆசி வழங்கிக்கொண்டிருந்தார். சபை கொல்லென்று சிரித்தது.

"தொழில் தெரியாத பயல்!" என்று வித்துவான் கத்தினார்.

மருதாசாரி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பழைய தகட்டில் அச்சடித்த படம் அது. அதில் வலக்கை உயர்ந்திருந்தது.

"நான் முதல்ல செதுக்கினது இது, எஜமான். சாமிதான் நான் சொன்னதைக் கேட்காம மாத்தச் சொன்னாங்க. இதுல அவங்க பெருமை மட்டும்தான் இருந்தது. குணம் புத்தகத்துல இருக்கிற படத்துலதான் வந்திருக்கு."