குவாரித் தண்ணீரை மறுத்த உடும்பு

கோடையில் காட்டோரக் குளம் வற்றிப்போனது. அங்கே வாழ்ந்த விலங்குகள் உள்காட்டில் பிழைக்கப் பழகியே ஆகவேண்டும் என்றாயிற்று.

“ஐந்து நாள் முகாம் போடுவோம். நான் சொல்லித் தருகிறேன்” என்று முன்வந்தது நீலவேந்தன் என்ற மயில். அது ஊர்ப்பூங்காவில் வளர்ந்தது. காட்டைப் பற்றி அழகாகப் பேசும். முயலும் குரங்கும் முள்ளம்பன்றியும், செவத்தி என்ற உடும்பும் அதன் பின்னால் கிளம்பின.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து எங்கும் தண்ணீர் கிடைக்கவில்லை. உச்சி வெயிலில் ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம் தென்பட்டது. தண்ணீர் அடிவரை தெளிவாகத் தெரிந்தது.

“இன்றைய பாடம் இதுதான். தெளிந்த தண்ணீரே நல்ல தண்ணீர். எல்லோரும் குடியுங்கள்!” என்றது மயில்.

செவத்தி நாக்கை நீட்டிக் காற்றைச் சோதித்தது. கசப்பான நெடி அடித்தது. கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. தவளை இல்லை. ஒரு தட்டான்கூடப் பறக்கவில்லை.

“நான் குடிக்க மாட்டேன். காடே தாகத்தில் தவிக்கிறது. ஆனால் ஓர் உயிர்கூட இங்கே வந்து குடித்த அடையாளம் இல்லையே, ஏன்?” என்று கேட்டது.

“சொன்னதைச் செய். இல்லாவிட்டால் கூட்டத்தை விட்டு வெளியே போ” என்றது மயில்.

தெரியாத காட்டில் தனியாகத் திரிந்தால் கழுகுக்கு இரையாக வேண்டியதுதான். இருந்தாலும் செவத்தி வாலை ஓங்கித் தரையில் அடித்தது.

“போகிறேன். ஆனால் சொல்லிவிட்டுத்தான் போவேன். யாரும் இதைக் குடிக்காதீர்கள்.”

முயலும் முள்ளம்பன்றியும் தயங்கி நின்றன. குரங்கு சிரித்தது. “அக்காவுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது” என்று இரண்டு கை அள்ளிக் குடித்தது.

செவத்தி குவாரி மேட்டிலிருந்து கீழே இறங்கி, அருகே வறண்டு கிடந்த ஓர் ஓடைக்குப் போனது. ஓடை வளைவில் ஒரு மருதமரம் மட்டும் பச்சையாக நின்றது. அதன் அடியில் மணலைத் தோண்டத் தொடங்கியது.

“மணலில் தண்ணீரா?” என்று மேலிருந்து கேலி செய்தது மயில். செவத்தி நிமிர்ந்தே பார்க்கவில்லை. மணல் சுட்டது. ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. விடாமல் தோண்டியது. அதன் உடம்பு முழுவதும் மறையும் ஆழத்தில் மணல் ஈரமானது. பிறகு தண்ணீர் ஊறியது.

அதற்குள் குவாரிக் கரையில் குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தது. முயலும் முள்ளம்பன்றியும் அதை மெல்ல இழுத்துக்கொண்டு ஓடைக்கு வந்தன. செவத்தி ஊற்று நீரைக் கொடுத்தது. குரங்கு குடித்ததும் வாந்தி எடுத்தது. திரும்பத் திரும்பக் கொடுத்ததில், பொழுது சாயும்போது கண் திறந்தது.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றது. “இதைத்தான் நாளைக்குச் சொல்லித் தருவதாக இருந்தேன்” என்றது.

“முதலில் குடியுங்கள். தாகம் உங்களுக்கும்தான் இருக்கும்” என்றது செவத்தி. “ஆனால் நாளையிலிருந்து எங்கள் கண்ணால் பார்த்து, எங்கள் மூக்கால் முகர்ந்துதான் எதையும் முடிவு செய்வோம். அதற்குச் சம்மதம் என்றால் எங்களோடு வாருங்கள்.”

மயில் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து குடித்தது.

சொல்பவர் யாராக இருந்தாலும், சொல்வது தவறென்று கண்ணுக்குத் தெரிந்தால், தனியாக நின்றாவது மறுக்க வேண்டும்.